வெண்மணிக்கு முன்னும் பின்னும்: காரைக்காலிலிருந்து ஒரு பார்வை

டிசம்பர் மாதத்தின் இறுதி வாரம் நெருங்கும்போது, ஆண்டுதோறும் நமது முதுகலைத் தமிழ் வகுப்பில் ஒரு வினாவை எழுப்புவது வழக்கம். "கீழவெண்மணி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?" மாணவர்கள் தயங்காமல் விடை சொல்வார்கள். நாற்பத்து நான்கு உயிர்கள், ஒரு குடிசை, தீ. "அதற்கு முன்பு என்ன நடந்தது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். "அதற்குப் பின்பு?" என்று கேட்டால் அந்த அமைதி இன்னும் சற்று நீளும்.

சென்ற ஆண்டு அந்த அமைதியைக் கலைத்தவர், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவி. "ஐயா, எங்க அப்பாயி டிரங்குப் பெட்டியில ஒரு காகிதம் வச்சிருக்கு. மனைப்பட்டா. அது கையில கெடைச்ச பெறகுதான் எங்க தாத்தா பண்ணை வாசல்ல துண்டை இடுப்புலேருந்து எடுத்துத் தோள்ல போட்டாராம்" என்றார். வகுப்பு சிரித்தது, நம்மால் சிரிக்க இயலவில்லை. இருபதாண்டுகளாகப் பாடம் நடத்தியும் நாம் சொல்லத் தவறியதை அந்தப் பெண் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

காவிரிக் கழிமுகத்தின் உழவுத் தொழிலாளர் போராட்ட வரலாற்றை நாம் ஓர் எரிந்த குடிசையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அக்குடிசை எரிவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிய நெடிய போராட்டத்தையும், அப்போராட்டம் ஈட்டித் தந்தவற்றையும் மறந்துவிட்டோம். இந்த மறதியில் இலக்கியம் பயில்வோராகிய நமக்கும் பங்குண்டு என்பது நமது துணிபு. அதனை இக்கட்டுரையில் சற்று விரித்துக் கூற விழைகிறோம்.

*

முதலில் நாம் நிற்குமிடத்தைச் சொல்லிவிட வேண்டும். வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்கள் சூழ, கிழக்கே கடலைப் பார்த்து அமைந்த சிறுநிலம் காரைக்கால். 1739இல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் முதல் நாளன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவுற்றது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரே காவிரியின் கிளைகளில், ஒரே குறுவையும் சம்பாவும் விளைந்த வயல்களின் நடுவே, இரண்டு அரசுகளைப் பிரிக்கும் கோடு ஓடியது. வரப்புக்கு இந்தப்புறம் ஒரு கொடி, அந்தப்புறம் வேறொரு கொடி. ஆனால் நடவு நட்ட கைகளும், களத்தில் கூலி அளந்த மரக்காலும், சேரிக்கும் ஊருக்கும் இடையிலிருந்த தொலைவும் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பதற்காக இத்துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் சென்ற அந்த மக்கள் எதனின்று தப்பிச் சென்றார்கள் என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி இந்த வயல்களிலேயே கிடக்கிறது. எதிர்த்து நிற்க வழியில்லாதவனுக்கு ஊரைவிட்டு நீங்குவதும் ஒருவகை எதிர்ப்புத்தான்.

எல்லைக்கு அந்தப்புறம், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழைப் பகுதியில், பண்ணையாள் முறை கோலோச்சியது. குடும்பம் குடும்பமாக மிராசுதாருக்குக் கட்டுப்பட்டு உழைப்பது, அவர் காட்டிய இடத்தில் குடிசை போட்டுக்கொள்வது, தவறு என்று அவர் கருதியதற்குச் சவுக்கடி வாங்குவது, சாணியைக் கரைத்த நீரைக் குடிப்பது. இவையெல்லாம் நாட்டுப்புறக் கதைகள் அல்ல. இவற்றை ஒழிக்க வேண்டும் என்பதையே முதற் கோரிக்கையாக வைத்து ஓர் இயக்கம் எழுந்தது. 1943இல் மன்னார்குடியை அடுத்த தென்பரையில் விவசாயிகள் சங்கம் கால்கொண்டது. அதனைக் கட்டியெழுப்ப வந்த பி. சீனிவாசராவ் கன்னட நாட்டைச் சேர்ந்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சேரிக் குடிசைகளிலேயே தங்கி, அங்கேயே உண்டு, 1961இல் மறையும் வரை கீழத்தஞ்சையையே தம் ஊராகக் கொண்டவர். "அடித்தால் திருப்பி அடி" என்ற பொருளில் அவர் சொன்னவை இன்றும் அப்பகுதி முதியோர் வாயில் பலவிதமாக வழங்குகின்றன.

இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது, அந்த இயக்கம் வெற்றிகளையும் கண்டது என்பதை. சவுக்கும் சாணிப்பாலும் சட்டத்தால் ஒழிந்தவை அல்ல. 1940களில் சங்கம் ஊர் ஊராக நின்று ஒழித்தவை. 1948இல் மாயூரத்தில் கூலி குறித்த ஒப்பந்தம் ஏற்பட்டது. மிராசுதாரும் பண்ணையாளும் இரு தரப்பாக ஏற்கப்பட்டு, கூலி இவ்வளவு என்று எழுதப்பட்டது. நெடுங்காலம் பண்ணையாள் ஒரு தரப்பாகவே கருதப்பட்டதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அக்காகிதத்தின் எடை விளங்கும். அடக்குமுறையும் உடன் வந்தது. களப்பால் குப்பு 1948இல் சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதத்தில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1952இல், இராஜாஜி அமைச்சரவை தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவர நேர்ந்தது. அவ்வாண்டே அது முறையான சட்டமாகவும் ஆயிற்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல் நிலம் உடையோர், பண்ணையாளை நினைத்தபோது விரட்டுவதை அது தடுத்தது. மிராசுதார்கள் அதற்கும் வழி கண்டனர். பண்ணையாள் என்ற பெயரையே கைவிட்டுத் தினக்கூலிகளாக மாற்றினர். ஒரு கட்டு அவிழ்ந்தது. அதனோடு ஒரு பிடிமானமும் போயிற்று. வெற்றி என்பது பெரும்பாலும் இப்படித்தான் அரைகுறையாக வருகிறது. அரைகுறை என்பதற்காக அது வெற்றியில்லை என்று ஆகிவிடாது.

அந்தச் சட்டமும் எல்லையில் வந்து நின்றுவிட்டது என்பதே காரைக்கால்காரர் அறிய வேண்டிய செய்தி. 1952இல் இது பிரெஞ்சு மண். வரப்புக்கு அந்தப்புறம் இருந்த பண்ணையாளுக்கு ஒரு சட்டம் வந்தபோது, இந்தப்புறத்துப் பண்ணையாளுக்கு அது செய்தியாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கும். திருமணம் எல்லையைக் கடந்தது, வாய்க்கால் நீர் கடந்தது, சட்டம் கடக்கவில்லை.

*

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. கூடுதலாகக் கேட்கப்பட்டது அரைப்படி நெல். ஆனால் சிக்கல் நெல்லில் இல்லை. செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் சொற்படி நடக்க வேண்டும் என்ற கட்டளைக்கு அம்மக்கள் பணிய மறுத்தனர். தீயில் மாண்ட நாற்பத்து நால்வரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். கீழ் நீதிமன்றம் 1970இல் நிலவுடைமையாளர் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்ற பொருள்பட அத்தீர்ப்பில் எழுதப்பட்டதை, தமிழறிந்த எவரும் மறக்கலாகாது.

நீதிமன்றத்தில் நீதி கிடைக்கவில்லை. கதை பொதுவாக இங்கே முடிக்கப்படுகிறது. ஆனால் வயலில் கதை முடியவில்லை. வெண்மணிக்குப் பின் கணபதியாப் பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது; 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்வோருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது. எல்லைக்கு இந்தப்புறமும் காலம் தாழ்ந்து அலை வந்து சேர்ந்தது. புதுச்சேரியின் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் 1970இலும், நில உச்சவரம்புச் சட்டமும் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமும் 1973இலும் இயற்றப்பட்டன. நம் மாணவியின் அப்பாயி பெட்டியில் வைத்திருப்பது இந்த அலை கரையில் விட்டுச் சென்ற ஒரு காகிதம். வெண்மணித் தீயின் தாக்கத்தால் தஞ்சைப் பகுதியிலேயே தங்கிவிட்ட கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் இணையர் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, பேச்சுவார்த்தையின் வழியே பல ஆயிரம் ஏக்கர் நிலத்தை வாங்கி நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் எழுதிவைத்ததும் இக்கதையின் தொடர்ச்சியே.

இவையனைத்திலும் நாம் தலையாயதாகக் கருதுவது குடியிருப்பு மனைச் சட்டத்தை. ஏன் என்பதற்கு உலகின் மறுகோடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம்.

பிரித்தானியத் தீவின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில் 1839 மே மாதம், எவைல்வென் என்னும் சிற்றூரின் சுங்கச்சாவடியை உழவர்கள் இரவில் வந்து உடைத்தனர். வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டிக்குக் கூட வழிநெடுகச் சுங்கம் கட்டவேண்டியிருந்த காலம் அது. ஆண்கள் பெண்ணுடை தரித்து, முகத்தில் கரி பூசி, தம் தலைவருக்கு 'ரெபேக்கா' என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்தனர். பகைவரின் வாயில்களை உன் வழித்தோன்றல்கள் கைக்கொள்வார்களாக என்று விவிலியத்தில் ரெபெக்காளுக்கு வழங்கப்படும் வாழ்த்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. 1843இல் கலகம் உச்சத்தை எட்டியது. படையும் வந்தது, விசாரணைக் குழுவும் வந்தது. 1844இல் தென் வேல்ஸின் சுங்கமுறையைத் திருத்திச் சட்டம் இயற்றப்பட்டது. வேல்ஸ் மக்கள் ரெபேக்காவைத் துயரக் கதையாக நினைவுகூர்வதில்லை. உடைத்த வாயிலும் அதன்பின் மாறிய சட்டமும் அவர்கள் நினைவில் ஒன்றாகவே நிற்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமானது அதே நாட்டில் 1868இல் நடந்தது. வெண்மணிக்குச் சரியாக நூறாண்டு முன்பு. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த குத்தகை உழவர்கள் பலர் பண்ணையிலிருந்தும் வீட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். அன்று வாக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. யார் எவருக்கு வாக்களித்தார் என்பது நிலக்கிழாருக்குத் தெரியும். வெளியேற்றப்பட்டவர்களின் துயரம் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 1872இல் இரகசிய வாக்குமுறைச் சட்டம் வந்ததற்கான காரணங்களுள் அதுவும் ஒன்று.

வேல்ஸ் உழவரையும் கீழத்தஞ்சைப் பண்ணையாளையும் சமன்படுத்துவது நம் நோக்கமன்று. அவர்கள் கையில் குத்தகைக்கேனும் ஒரு பண்ணை இருந்தது. இவர்களுக்குக் குடவாரமும் இல்லை, குத்தகையும் இல்லை. அங்கே நிலக்கிழாருக்கும் உழவருக்கும் இடையே மொழியும் திருச்சபையும் நின்றன. இங்கே தீண்டாமை நின்றது. இரண்டாவதன் கொடுமையை முதலாவதோடு ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டு இடங்களிலும் ஓர் உண்மை பொதுவாக நிற்கிறது: உன் வீடு நிற்கும் மண் வேறொருவனுடையதாயின், உன் நாவும் அவனுடையதே. கூலி உயர்வு கேட்டவனிடம் "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று சொல்ல முடியும் வரை, கூலிப் போராட்டத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. மனை அவன் பெயருக்கு வந்த நாளில் அந்த மிரட்டல் செத்தது. அந்தத் தாத்தா துண்டை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றியதன் பொருள் இதுதான்.

*

இனி இலக்கியத்துக்கு வருவோம். வெண்மணியை எழுதிய நாவல்களுள் பரவலாக அறியப்பட்டது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1977ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தமிழ் நடுத்தர வர்க்க வாசகனின் கண்முன் அந்நிகழ்வைக் கொண்டுவந்து நிறுத்திய பெருமை அதற்கு உண்டு. ஆனால் அதன் நடுவில் நிற்பவர்கள் தில்லியிலிருந்து வந்த படித்த இளைஞர்கள். பண்ணையாரின் கொடுமைக்கு அவரது ஆண்மைக் குறைவு ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. இதற்கு எதிரான விமர்சனம் அன்றே எழுந்தது. அதில் நமக்கு உடன்பாடுண்டு. தனிமனித மனக்கோளாறு ஒன்றினால் விளைந்தது வெண்மணி எனில், கால் நூற்றாண்டுச் சங்க வரலாறு எதற்கு? சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) இந்தப் பார்வையைத் திருப்பி, தொழிலாளரின் பக்கம் நின்று பேசியது. கீழத்தஞ்சை உழவுத் தொழிலாளரின் அன்றாடத்தைக் களமாகக் கொண்ட ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்கள்' இன்னும் பரவலாக வாசிக்கப்பட வேண்டிய நாவல். தாமிரவருணிக் கரையின் முத்திரை மரக்கால் போராட்டத்தைப் பின்புலமாகக் கொண்டு டி. செல்வராஜ் எழுதிய 'மலரும் சருகும்' இவ்வகையில் முன்னோடி. அளவு கருவியின் நேர்மைக்காக நடந்த போராட்டம் ஒரு நாவலுக்குப் பொருளாக முடியும் என்று அவர் காட்டினார்.

ஆயினும் மனைப்பட்டா பெற்ற நாளை எழுதிய நாவல் எங்கே? ஒப்பந்தத்தில் முதன்முறையாகக் கைநாட்டு வைத்த பண்ணையாளின் மனத்தை எழுதிய சிறுகதை எங்கே? தீயைக் காணும் எழுத்தாளனுக்குக் காகிதம் கண்ணில் படுவதில்லை. அழிவில் நாடகம் இருக்கிறது. மாற்றம் மெல்ல நிகழ்கிறது, அதில் நாடகம் குறைவு. எனவே நம் இலக்கியம் ஒடுக்கப்பட்டோரைப் பெரும்பாலும் மாண்டவர்களாகவே படைக்கிறது. அவர்கள் பேரம் பேசியவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், தோற்றும் வென்றும் மீண்டும் தோற்றும் அமைப்பைக் கட்டியவர்கள் என்பது வாசகனுக்குச் சென்று சேர்வதில்லை. இது அனுதாபத்தின் பெயரால் செய்யப்படும் ஓர் அநீதி.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். கொலையாளிகள் தண்டிக்கப்படாத ஒரு படுகொலையைப் பற்றிப் பேசுகையில், 'பெற்றவை இவை' என்று பட்டியலிடுவது அந்த வலியை நீர்த்துப்போகச் செய்யாதா? நியாயமான கேள்வி. பட்டியலை அரசின் கொடையாக வாசித்தால் அப்படித்தான் ஆகும். சட்டம் இயற்றிய கட்சி அதைத் தன் அருளாகச் சொல்லும். போராடிய கட்சி தன் சாதனையாகச் சொல்லும். இரண்டுக்கும் அப்பால், அந்தப் பாட்டிக்கு அது யாருடைய கொடையும் அன்று. தன்னைப் போன்றோர் விலை கொடுத்து வாங்கியது. அந்த விலையின் பெயர்தான் வெண்மணி. வாங்கியது இன்னதென்று சொல்லாமல் விலையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், அடுத்த தலைமுறை அதிலிருந்து கற்பது ஒன்றே ஒன்றுதான்: எதிர்த்தால் எரிப்பார்கள். மிராசுதார்கள் கற்பிக்க விரும்பிய பாடமும் அதுவேயன்றோ?

வேறுவகையாக நினைவுகூர முடியும் என்பதற்கு வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை. நம் புதுச்சேரியிலேயே சான்றுண்டு. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சுக் காவல்படையின் துப்பாக்கிக்கு இரையாயினர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தும் தொழிலாளர், மறவாமல் மற்றொன்றையும் சேர்த்தே சொல்கிறார்கள்: அப்போராட்டத்தின் பயனாய் எட்டு மணிநேர வேலை உரிமை வந்தது. சாவும் பேறும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆலைத் தொழிலாளிக்குக் கிட்டிய இந்த முழுமையான நினைவு, வயல் தொழிலாளிக்கு இன்னும் கிட்டவில்லை.

*

இதைப் பழங்கதையாக எண்ணி எழுதவில்லை. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டமும் வாஞ்சூர் எல்லையில் வந்து நின்றது. 1952இன் கதையே மீண்டும். கடைமடைக்கு நீர் வருவதும் வராததுமாக இருக்கையில், காரைக்காலைச் சுற்றிய நன்செய்கள் ஒவ்வொன்றாக மனைப் பிரிவுகளாகிக்கொண்டிருக்கின்றன. நாற்று நட்ட கைகள் வேறு வேலை தேடுகின்றன. நிலம் யாருக்கு என்ற கேள்வி வேறு உருவில் வாசலில் நிற்கிறது. அதற்கு விடை தேடும் தலைமுறைக்கு, இதே மண்ணில் சங்கம் எவ்வாறு கட்டப்பட்டது, பேச்சுவார்த்தை எவ்வாறு நடந்தது, எங்கே ஏமாந்தார்கள், எங்கே வென்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டாமா?

தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய எளிய பணி ஒன்றுண்டு. சங்க இலக்கியத்தின் மருதத் திணையைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, மருத நிலத்தில் இன்று எஞ்சியிருக்கும் முதியோரின் நினைவுகளையும் திரட்டலாம். களவடி, பொலி, மரக்கால், காரியக்காரர், தலையாரி ஆகிய சொற்கள் அகராதியில் கிடைக்கும். அவற்றோடு ஒட்டிய அச்சமும் அவமானமும் துணிவும் அகராதியில் கிடைக்கா. அவற்றை அறிந்தோர் எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப்புறத்து நினைவுகளைத் திரட்டுவது குறிப்பாக நம் கடமை.

இவ்வாண்டு அந்த மாணவியிடம் ஒன்று வேண்டிக்கொண்டோம். அப்பாயி பேசுவதை அவர் மொழியிலேயே எழுதிவரச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து நாற்பது பக்க நோட்டு ஒன்று வந்தது. பட்டாவின் ஒளிநகலும் உள்ளே இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் ஒட்டுப்போடப்பட்ட காகிதம். "அசலைக் கேட்டேன் ஐயா, குடுக்க மாட்டேன்னுடுச்சு" என்றார்.

கொடுக்காதது நன்று.